பாஸ் மீனுக்கு ராட், ரீல், லூர் வாங்கப் போகிறீர்களா? முள்ளிலிருந்து தொடங்குங்கள்

டல்லாஸுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஊரில் ஏரிக்கரையில் கழியும் தக்கையும் வைத்துக் கெண்டை, கெளுத்தி எல்லாம் பிடித்திருக்கிறேன். இங்கே பாஸ் பிடிக்க ஆசை. கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க ராட், இன்னொரு பக்கம் ரீல், நாலு வரிசைக்கு லூர். ஒன்றும் புரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். கையில் இருநூறு டாலர் இருக்கிறது. எந்த ராட், எந்த ரீல், எத்தனாம் நம்பர் முள், எந்த லூர்?"

தம்பி, நீங்கள் கேட்ட வரிசையிலேயேதான் எல்லோரும் வாங்குகிறார்கள். முதலில் ராட், பிறகு அதற்கொரு ரீல், கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு முள்ளும் லூரும். நான் பதில் சொல்லப்போவது தலைகீழ் வரிசையில். மீனின் வாயிலிருந்து தொடங்கி, முள், லூர் (பொய் இரை), நரம்பு (தூண்டில் நூல்), ராட் (கழி), ரீல் (நரம்பைச் சுற்றும் கருவி) என்று கைக்கு வந்து சேர்வோம். இந்த வரிசையில் யோசித்தால் அந்தச் சுவரில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை என்பது தானாகவே தெரியும். பதினாலு வருடமாக இந்த வடக்கு டெக்சஸ் ஏரிகளில் தூண்டில் போடுகிறேன். முதல் இரண்டு வருடம் தப்பான வரிசையில் வாங்கித்தான் நிறைய மீனை விட்டேன்.

அந்த முதல் வருடத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். டல்லாஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் லேக் ஃபோர்க் இருக்கிறது. 1980இல் அணை கட்டி நிரப்பிய ஏரி. மரங்களை நிறைய இடத்தில் வெட்டாமலே தண்ணீரை விட்டதால், இன்றும் பட்ட மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. நண்பர் ஒருவரின் படகில் போயிருந்தேன். கையில் ஆறடி நீளத்தில் மெல்லிய ராட், ஆறு பவுண்டு எடை தாங்கும் நைலான் நரம்பு. கடையில் பிடித்துப் பார்த்தபோது இறகு மாதிரி இருந்தது, அதனால் வாங்கினேன். ஒரு மர முண்டுக்குப் பக்கத்தில், முள்முனையை உள்ளே மறைத்த ரப்பர் புழுவை (மென்மையான பிளாஸ்டிக்தான்) இறக்கினேன். டொக் என்று ஒரு தட்டு. இழுத்தேன். ராட் கைப்பிடி வரைக்கும் வளைந்தது. மீன் மேலே வந்தது, வாயைத் திறந்தது, புழு வெளியே வந்து விழுந்தது. அன்று காலையில் மூன்று முறை இதேதான். படகின் பின்னால் இருந்த பெரியவர் என் புழுவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முள் இன்னும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது. நீ மீனை இழுக்கவில்லை, புழுவை இழுத்தாய்." தன்னுடைய விறைப்பான ராடைக் கொடுத்தார். அடுத்த மீன் படகுக்குள் வந்தது. முள்ளும் புழுவும் இடமும் அதேதான். மாறியது ராடும் நரம்பும் மட்டும்.

இது ஏன் என்று புரிய மீனைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பேசுவது லார்ஜ்மவுத் பாஸ். ப்ளூகில் என்ற சிறு மீன் முதலானவை அடங்கிய சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. மேல் தாடை கண்ணுக்குப் பின்னால் வரை நீண்டிருக்கும்; இந்த அடையாளத்தை வைத்து மற்ற பாஸ்களிலிருந்து பிரித்துவிடலாம். நம் ஊர்க் கெண்டை மாதிரி கொத்திக் கொத்திப் பார்க்காது. வாயைச் சட்டென்று திறக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரை உள்ளே போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சில நொடிகள்தான். அதோடு, இது துரத்தித் திரிவதைவிட மறைந்திருந்து தாக்கும் மீன். மர முண்டு, பாசி, படகுத்துறைக் கால், பாறை இடுக்கு என எதையாவது ஒட்டித்தான் நிற்கும். ஊரில் விரால் பிடித்திருந்தால் இந்தக் குணம் உங்களுக்குப் பழக்கமானதுதான்.

ஆக, மீன் இருக்கும் இடத்தில் எல்லாம் முள் மாட்டும் பொருள்களும் இருக்கின்றன. முள்முனையை வெளியே விட்டால் முண்டில் மாட்டும். உள்ளே மறைத்தால், மீன் கடிக்கும்போது அந்த முனையை வெளியே தள்ளி, வாய் எலும்பில் ஏற்றும் பலம் வேண்டும். பாஸ் தூண்டிலில் இருக்கும் அத்தனை சாமான் வித்தியாசமும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து வருவதுதான்.

முள்ளுக்கு வருகிறேன். நம்பர் முறை முதலில் குழப்பும். 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். பாஸுக்கு உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 1லிருந்து 5/0 வரை. இதில் இரண்டே வகையை மனதில் வையுங்கள். ஒன்று, தனி முள். தலைப்பக்கம் இரட்டை மடிப்பு உள்ள, ஆஃப்செட் என்று அட்டையில் போட்டிருக்கும் முள். ரப்பர் புழுவில் முனையை மறைக்க இது. இன்னொன்று, மூன்று முள் சேர்ந்த ட்ரெபிள். மர, பிளாஸ்டிக் மீன் பொம்மைகளின் வயிற்றில் தொங்குவது. ட்ரெபிளின் கம்பி மெல்லியது, முனை வெளியே இருக்கிறது. மீன் வாயை மூடினாலே குத்திவிடும். ஆனால் மேலோட்டமாகத்தான் குத்தும், வெடுக்கென்று இழுத்தால் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆஃப்செட் முள்ளின் கம்பி தடிப்பு. ஏற்றுவதற்கு பலம் வேண்டும், ஏறிவிட்டால் லேசில் கழலாது. இந்த இரண்டுக்கும் ஒரே ராட் போதும் என்று யாராவது சொன்னால், அவர் இரண்டில் ஒன்றை அதிகம் பயன்படுத்தாதவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முள்ளின் அளவை மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புழுவின் பருமனைப் பாருங்கள். முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் முக்கியம். மீன் கடிக்கும்போது புழு நசுங்கிக் கீழே இறங்க இடம் வேண்டும், அப்போதுதான் முனை வெளியே வரும். ஐந்து அங்குலத் தடிப்புப் புழுவுக்கு வளைவு அகன்ற 3/0 அல்லது 4/0. ஏழு அங்குல வால் புழு ஒல்லியாக இருந்தால் 3/0 அல்லது 4/0. பத்து அங்குலம் என்றால் 5/0. கடையில் முள் வாங்கி வந்ததும் முனையை நகத்தின்மேல் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கல்; நகத்தில் கொக்கி மாதிரி நின்றுவிட்டால் நல்ல முள். காசை மிச்சப்படுத்த நினைத்தால் வேறு எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள். முள்ளில் வேண்டாம்.

நீங்கள் முதலில் கற்க வேண்டிய கட்டு டெக்சஸ் ரிக். பெயரே இந்த மாநிலத்தின் பெயர். ஒஹாயோவில் ஆக்ரன் நகரத்தைச் சேர்ந்த நிக் கிரீம், 1949இல் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக் காய்ச்சிப் புழு வார்த்தார். பிறகு தொழிலை டெக்சஸில் டைலருக்குக் கொண்டுவந்தார். அந்த ஊர் லேக் ஃபோர்க்கிலிருந்து தூரமில்லை. மரம் நிறைந்த இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு, எதிலும் மாட்டாத புழு பெரிய வரமாக இருந்தது.

கட்டுவது இப்படி. துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம் ஒன்றை, கூர்ப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும்படி நரம்பில் கோத்துவிடுங்கள். முள்ளைக் கட்டுங்கள். புழுவின் தலை நடுவில் முனையைக் கால் அங்குலம் இறக்கி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். தண்டை முழுக்க இழுத்து, தலைப்பக்கத்து மடிப்பு புழுவுக்குள் போய் உட்காரும்போது முள்ளை அரைவட்டம் திருப்புங்கள். இப்போது முனை புழுவைப் பார்த்து நிற்கும். உடனே குத்திவிட வேண்டாம். புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு அதன் உடம்பில் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஓர் அடையாளம் வையுங்கள். அங்கேதான் முனை நுழைய வேண்டும். நேராக மறுபக்கம் வரை குத்தி வெளியே எடுத்து, முனையின் நுனியை மட்டும் தோல் கனத்துக்கு மறுபடி பிளாஸ்டிக்கில் செருகிவிடுங்கள். தூக்கிப் பிடித்தால் புழு குச்சி மாதிரி நேராகத் தொங்க வேண்டும். வளைந்து தொங்கினால் தண்ணீரில் பம்பரமாகச் சுழலும், நரம்பு முறுக்கேறும், மீனும் ஏமாறாது. கழற்றிவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே இருபது முறை செய்தால் கை பழகிவிடும்.

ஈயத்தின் எடை 3/16 அல்லது 1/4 அவுன்ஸில் தொடங்குங்கள். புழு இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடி வரும், அதனால் மெதுவாக இறங்குவது நல்லது. காற்றும் ஆழமும் அதிகமானால் 3/8. டங்ஸ்டன் குண்டு, ஈயத்தைவிட அளவில் சிறியது, தரை கல்லா மண்ணா என்று கைக்கு நன்றாகச் சொல்லும்; விலை அதிகம். ஆரம்பத்தில் ஈயமே போதும்.

இதைவிட எளிதான ஒரு கட்டும் உண்டு, உங்கள் முதல் பாஸ் பெரும்பாலும் இதில்தான் வரும். ஐந்து அங்குலக் குச்சிப் புழுவை எடுத்து, அதன் நடு வயிற்றில் 1 அல்லது 1/0 முள்ளைக் குறுக்கே குத்திவிடுங்கள். ஈயமே வேண்டாம். வாக்கி ரிக் என்று பெயர். பார்த்தால் சிறுபிள்ளை கோத்தது மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டதும் இரண்டு முனையும் துடித்துக்கொண்டே மெல்ல இறங்கும். கேரி யமமோட்டோ என்ற வடிவமைப்பாளர் செங்கோ என்ற பெயரில் கொண்டுவந்த புழு இந்த வகையைப் பிரபலமாக்கியது. பிளாஸ்டிக்கில் உப்பை நிறையக் கலந்து வார்த்ததால் ஈயமில்லாமலே இறங்கும். இப்போது பல கம்பெனிகள் இதே மாதிரிச் செய்கின்றன. முனை வெளியே இருப்பதால் அடர்ந்த பாசிக்குள் போட முடியாது. படகுத்துறை ஓரம், திறந்த கரை, அபார்ட்மென்ட் குளம் இவற்றுக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது என்பேன்.

மற்ற லூர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே பாஸின் அன்றாட உணவு ஷாட் என்ற வெள்ளிநிறச் சிறு மீன், ப்ளூகில் குஞ்சு, நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் இருக்கிற கிராஃபிஷ். கடையில் இருக்கும் எல்லா லூரும் இந்த மூன்றில் ஒன்றின் நிழல்தான். ஸ்பின்னர்பெய்ட் என்பது வளைந்த கம்பியில் ஒரு பக்கம் முள்ளும் நூல் நூலாகத் தொங்கும் பாவாடையும், மறுபக்கம் சுழலும் தகடும். கலங்கல் தண்ணீருக்கும் காற்றடிக்கும் நாளுக்கும் அருமையானது; தகட்டின் அதிர்வை மீன் உடம்பின் பக்கக் கோட்டால் உணர்கிறது, கண் தேவையில்லை. வட்டத் தகடு அதிர்வு அதிகம் தரும், இலை வடிவத் தகடு மின்னல் அதிகம் தரும். கிராங்க்பெய்ட் என்பது மூக்கில் தட்டையான உதடு வைத்த மீன் பொம்மை. உதடு நீளமாகவும் தண்ணீருக்குக் கிடையாகவும் இருந்தால் ஆழம் போகும், குட்டையாகச் செங்குத்தாக இருந்தால் மேலோடு ஓடும். சதுர உதடு வைத்தது முண்டில் மோதினாலும் விலகி வரும். மோதி விலகும் அந்தக் கணத்தில்தான் கடி வரும், அதனால் மோதுமோ என்று பயந்து ஓட்டாதீர்கள். மேல்தண்ணீர் லூர்களில், இழுத்தால் நீரைத் தெறிக்கவிடும் பாப்பர் ஒன்று போதும், விடியற்காலைக்கும் பொழுது சாயும் நேரத்துக்கும்.

தவளையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. உள்ளே காற்று அடைத்த ரப்பர் தவளை, முதுகை ஒட்டி மேல்நோக்கிய இரட்டை முள். பாசிமேல் தத்தித் தத்தி இழுத்து வரலாம், மாட்டாது. நம் ஊரில் விராலுக்குத் தவளை கோத்துப் போட்டவர்கள் இதைப் பார்த்ததும் புன்னகைப்பார்கள். இன்று அங்கேயும் இதே ரப்பர் தவளையைத்தான் நிறையப் பேர் விராலுக்குப் போடுகிறார்கள். பாசியைப் பிளந்துகொண்டு பாஸ் மேலே வரும்போது ஏற்படும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் கை தானாக இழுத்துவிடும். இழுக்கக் கூடாது. தவளை மறைந்து, நரம்பில் கனம் தெரியும்வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு முழு பலத்தோடு இழுக்க வேண்டும். இதற்கு 50 பவுண்டு பின்னல் நரம்பும் கனமான ராடும் வேண்டும் என்பதால் உங்கள் முதல் வருடப் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை.

நிறத்தில் மக்கள் காசைக் கொட்டுகிறார்கள். 2019இல் இல்லினாய்ஸில் நடந்த ஓர் ஆய்வு, பாஸின் கண்ணில் பச்சையையும் சிவப்பையும் பிடிக்கும் இரண்டு வகை நிறச் செல்களே இருப்பதைக் காட்டியது. சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்துப் பார்த்த மீன்கள், பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளை வெள்ளையோடும் நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டன. நான் கடைப்பிடிப்பது இதுதான்: தெளிந்த தண்ணீருக்குக் கரும்பச்சைப் பூசணி நிறம், கலங்கலுக்குக் கறுப்பு-நீலம், மீன் போல ஓடுவனவற்றுக்கு வெள்ளை. பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் ஒரு சிவப்புக் கிராங்க்பெய்ட். இங்கே அந்த மாதங்களில் சிவப்புக்குக் கடி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினாறு நிறம் வாங்குவதற்குப் பதில் ஒரே நிறத்தில் மூன்று பொட்டலம் வாங்கினால் தைரியமாக முண்டுக்குள் போடுவீர்கள்.

அடுத்து நரம்பு. ஊரில் தங்கூசி என்று வாங்கினோமே, அந்த நைலான் இங்கே மோனோ. நன்றாக இழுபடும், விலை குறைவு, கொஞ்சம் மிதப்பது போல நிற்கும். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், பாறையில் உரசினால் தாங்கும். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோவுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல்; தண்ணீரின் எண்ணுக்கு நெருங்கி இருப்பதால்தான் ஃப்ளூரோ நீரில் குறைவாகத் தெரிகிறது. பின்னல் நரம்பு அநேகமாக இழுபடவே இழுபடாது, மிதக்கும், பளிச்சென்று தெரியும். 30 பவுண்டு பின்னலின் தடிப்பு ஏறக்குறைய 8 பவுண்டு நைலான் அளவுதான். முள்ளோடு சேர்த்து யோசியுங்கள். மறைந்த முனையை நாற்பதடி தூரத்திலிருந்து வெளியே தள்ள வேண்டுமானால், ரப்பர் மாதிரி நீளும் நரம்பு உங்கள் பலத்தைப் பாதி வழியிலேயே குடித்துவிடும். அதுதான் லேக் ஃபோர்க்கில் எனக்கு நடந்தது. ட்ரெபிள் முள்ளுக்கும் பாப்பருக்கும் அதே இழுபடும் குணம் நல்லது; மீன் துள்ளும்போது முள் கிழிக்காமல் காக்கும்.

முள்ளைக் கட்டப் பாலமர் என்ற முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளை முழுக்க நுழைத்து எடுத்து இறுக்குங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறினால் அந்த இடத்தில் பலம் போய்விடும். பெரிய மீன் போவது பெரும்பாலும் நடு நரம்பு அறுந்து அல்ல, இந்த முடிச்சில்.

இப்போது ராட். கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் எல்லாம் எழுதியிருக்கும்: நீளம், பவர், ஆக்‌ஷன், எத்தனை அவுன்ஸ் லூர், எத்தனை பவுண்டு நரம்பு. பவர் என்பது வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று போகும். ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பகுதி மட்டும், மாடரேட் என்றால் பாதி வரை வளையும். இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கடைக்காரரை நுனியைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக இழுத்துப் பாருங்கள், சொல்லாமலே விளங்கும். தடித்த தனி முள்ளை பிளாஸ்டிக் வழியாக ஏற்ற மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். மெல்லிய தனி முள்ளை வெளியே விட்டுப் போடும் வாக்கி ரிக்குக்கு மீடியம், ஃபாஸ்ட். ட்ரெபிளுக்கு மீடியம், மாடரேட். மீனோடு சேர்ந்து வளைந்து கொடுக்க வேண்டும். கிராங்க்பெய்ட்டுக்கு மட்டும் இன்றும் சிலர் பழைய ஃபைபர்கிளாஸ் ராடைத் தேடி வாங்குவது இதனால்தான். நீளம் ஏழடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் மரக்கிளை அதிகம் என்றால் ஆறரை.

ரீல் கடைசியில் வருகிறது. ராடைப் போல ரீல் மீனைப் பிடித்துத் தராது. நரம்பை ஒழுங்காக விட்டு, ஒழுங்காகச் சுற்றி, பெரிய மீன் ஓடும்போது சிக்காமல் விட்டுக்கொடுத்தால் போதும். ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். அதன் உருளை சுழலாது. நரம்பு விளிம்பு வழியாக உருவிக்கொண்டு போகும். லேசான லூரும் தூரம் போகும், சிக்கல் குறைவு. 2500 அளவு பாஸுக்குச் சரி. இரண்டு பழக்கம் மட்டும் முதல் நாளிலிருந்தே வையுங்கள். வீசியதும், நரம்பை விடுவிக்கத் திறந்த கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூட வேண்டாம். மூடிய பின் தளர்ந்த நரம்பை ஒரு முறை விரலால் இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். நரம்பு முறுக்கேறுவது பாதி குறையும்.

பெய்ட்காஸ்டர் ராடின் மேலே உட்காரும். உருளையே சுழலும். 1800களின் தொடக்கத்தில் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி பாஸுக்காகவே பல்சக்கரம் வைத்த ரீலைச் செய்தார். இன்றைய பெய்ட்காஸ்டர் அதன் வழியில் வந்தது. பெட்டியில் 6.3:1 என்று போட்டிருந்தால், கைப்பிடி ஒரு சுற்று சுற்ற உருளை 6.3 சுற்று சுற்றும் என்று அர்த்தம். புழுவுக்கு இந்த எண் 7க்கு மேல் இருந்தால் தளர்ந்த நரம்பைச் சட்டென்று வாரிக்கொள்ளலாம். ஆழமாகப் போகும் கிராங்க்பெய்ட்டுக்கு 5 அல்லது 6 கைக்கு இதம்.

பெய்ட்காஸ்டரில் எல்லோரையும் அழவைப்பது குருவிக்கூடு. லூர் காற்றில் வேகம் குறைந்த பின்னும் உருளை அதே வேகத்தில் சுழன்றால், வெளியே போக வழியில்லாத நரம்பு உருளைமேலேயே குவிந்து பின்னிக்கொள்ளும். கட்டைவிரல்தான் இதற்கு மருந்து. லூரைக் கட்டி, பொத்தானை அழுத்திக் கீழே விடுங்கள். மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிடும்படி பக்கத்திலுள்ள திருகை இறுக்குங்கள். பிரேக்கை அதிகபட்சத்தில் வையுங்கள். அரை அவுன்ஸ் எடை ஒன்றைக் கட்டி, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி புல்வெளியில் நின்று, பாதி பலத்தில் வீசுங்கள். விரல் உருளையின்மேல் இறகு மாதிரித் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். எடை தரையைத் தொடும் முன் அழுத்தி நிறுத்துங்கள். ஒரு வாரம், தினம் அரை மணி நேரம். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. விரல் அந்த வேகத்தைப் படித்துவிட்ட பிறகு, பத்து அங்குல இடுக்குக்குள் லூரை வைக்கலாம். அந்தத் துல்லியத்துக்காகத்தான் இத்தனை பாடு.

உங்கள் இருநூறு டாலருக்கு வருவோம். இரண்டு வகை முள்ளுக்கும் இரண்டு ராட் என்பதுதான் சரி; ஆனால் இந்தக் காசுக்கு, முதல் வருடத்துக்குச் சமரசமாக ஒரே செட் வாங்குங்கள். ஏழடி, மீடியம், ஃபாஸ்ட் ஸ்பின்னிங் ராட், 2500 ரீல். இரண்டும் சேர்ந்து நூற்றிருபதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 15 பவுண்டு பின்னலைச் சுற்றி, நுனியில் ஆறேழு அடிக்கு 10 பவுண்டு ஃப்ளூரோவை, இரண்டு நரம்புகளை இணைக்கும் டபுள் யூனி முடிச்சால் சேருங்கள். பின்னல் இழுபடாததால், மீடியம் ராடிலும் டெக்சஸ் ரிக்கின் முனையை ஓரளவு வெளியே தள்ள முடியும். அந்தக் கட்டுக்கு மட்டும் தடித்த கம்பி முள்ளைத் தவிர்த்து, மெல்லிய கம்பி 3/0 வாங்குங்கள். குச்சிப் புழு இரண்டு பொட்டலம், வால் புழு ஒன்று, 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் ஒன்று, சதுர உதட்டுக் கிராங்க்பெய்ட் ஒன்று, பாப்பர் ஒன்று. ஒரு நீள மூக்குக் குறடு கட்டாயம். அடுத்த வருடம் மீடியம் ஹெவி ராடும் பெய்ட்காஸ்டரும் வாங்கும்போது, முண்டுக்கும் பாசிக்கும் உள்ளே போகலாம்.

பதினேழு வயது ஆகிவிட்டது என்றால் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்துதான். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை உடனே விட்டுவிட வேண்டும். இந்த விதியைச் சுமையாக நினைக்காதீர்கள். மாநிலத்தின் பெரிய பாஸ் சாதனை, 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இதே ஏரியில் வந்தது. பெரிய மீன்களை இரவல் வாங்கி இனப்பெருக்கம் செய்யும் அரசுத் திட்டம் 1986இல் தொடங்கியபோது முதலில் போன 17.67 பவுண்டு மீனும் இங்கே பிடித்ததுதான். ஒவ்வோர் ஏரிக்கும் விதி மாறும், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், ஸ்பின்னர்பெய்ட்டையும் பாப்பரையும் பையிலேயே விட்டுவிட்டு வாக்கி ரிக்கை மட்டும் எடுங்கள். படகுத்துறைக் காலுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, சத்தமில்லாமல் விழும்படி போடுங்கள். ராடை அசைக்காதீர்கள். நரம்பு தண்ணீரில் நுழையும் இடத்தை மட்டும் பாருங்கள். சாதாரணமாக அது மெல்ல உள்ளே போய்க்கொண்டிருக்கும். சட்டென்று நின்றாலோ, ஒரு துள்ளு துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் வாயில் இருக்கிறது. கைக்கு எதுவும் தெரிந்திருக்காது. தளர்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் ஓர் இழுப்பு. கரைக்கு வந்ததும் கையை நனைத்துக்கொண்டு, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள். பல் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும், கடிக்காது. பெரிய மீன் என்றால் தாடையிலேயே தொங்கவிடாமல் வயிற்றுக்கு அடியில் மறு கையைக் கொடுங்கள். குறடால் முள்ளை வந்த வழியே திருப்பி எடுத்து, மீனைத் தண்ணீரில் விடுங்கள். அடுத்த வீச்சுக்கு முன், நரம்பின் கடைசி இரண்டடியை விரல்களுக்கு நடுவே வைத்து உருவிப் பாருங்கள். எங்கேயாவது சொரசொரப்பு தட்டினால், அதற்கு மேலே வெட்டிவிட்டு முள்ளை மறுபடி கட்டுங்கள்.